அளந்த பின் என்ன?

திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஒருவரை ஒரு பொறுப்பில் அமர்த்துமுன் அவரை எவ்வாறு ஆராய்ந்து அறிவது என்பதே அதன் பொருள். அதே பொருட்பாலில் நாற்பத்து நான்கு அதிகாரங்கள் தள்ளி 'மருந்து' வருகிறது. நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பிறகு பிழைபடாமல் செய்யவேண்டும் என்று அங்கே மருத்துவனுக்கு முறை வகுக்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் நடப்பது ஆராய்ச்சிதான். ஆயினும் முன்னதில் தேறாதவன் விலக்கப்படுகிறான். பின்னதில் நிலைமை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு மருத்துவன் அவனருகே இருக்கக் கடமைப்பட்டவனாகிறான்.

தேர்வு என்ற நம் சொல்லும் இவ்விரு பொருளையும் சுமந்தே வந்திருக்கிறது. 'தேர்' என்னும் வினைக்கு ஆராய்தல் என்றும் பொருள். தெரிந்தெடுத்தல் என்றும் பொருள். பள்ளிக்கூடத்தில் நடக்கும் தேர்வு இவற்றுள் எந்தப் பொருளில் நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. படிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கண்டறிந்து துணைசெய்யும் நோக்கத்துடனேயே அளவுகோல்கள் செய்யப்பட்ட தருணங்கள் வரலாற்றில் பல உண்டு. அவற்றுள் சில அந்தப் பிள்ளையை எட்டின. சில வழியிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டன. எது எவ்வாறு நேர்ந்தது என்று சற்றே பின்னோக்கிப் பார்க்க முயல்வோம்.

*

பின்தங்கிய மாணவன் என்பவன் எல்லாக் காலத்திலும் இருந்தவனல்லன். ஒருவன் பின்தங்க வேண்டுமானால் முன்னே ஒரு வரிசை இருக்கவேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வயதுக்கு இன்ன பாடம் என்ற வரிசை இருந்ததில்லை. மணலில் விரலால் எழுத்துப் பழகும் பிள்ளை ஒருபுறம், ஆத்திசூடி ஒப்பிக்கும் பிள்ளை ஒருபுறம், எண்சுவடியில் குழிக்கணக்கு வரை போய்விட்ட பிள்ளை வேறொருபுறம் என்று ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் சுவடி, அவரவர் இடம். ஒப்பித்தால் அடுத்த பாடம். ஒப்பிக்காவிட்டால் அதே பாடம். உபாத்தியாயருக்கு நேரமில்லாதபோது சட்டாம்பிள்ளை பாடம் கேட்பான்.

சென்னை எழும்பூரில் போர்வீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதி ஒன்றை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியாக 'மதராஸ் முறை' என்ற பெயர் அங்கே பரவிற்று. அம்முறையில் ஒரு பிள்ளை எந்தக் குழுவில் அமரும் என்பதைத் தீர்மானித்தது வயதன்று, அதன் அப்போதைய தேர்ச்சியே. தேறினால் மேற்குழு, தடுமாறினால் கீழ்க்குழு.

இதைச் சொல்லும்போது திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அங்கே அடி இருந்தது. 'என் சரித்திரம்' போன்ற தன்வரலாறுகளைப் படித்தவர்களுக்கு அந்த வாழ்க்கையின் கண்டிப்பு தெரியும். ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. பின்தங்கியவர் இல்லை என்பதற்கு ஒரு காரணம், பின்தங்கக்கூடும் என்று கருதப்பட்டவர்கள் உள்ளே விடப்படவே இல்லை என்பதுதான். இருப்பினும் ஒரு செய்தியை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிந்தவரும் அடுத்த பாடத்தைச் சொல்லித்தருபவரும் அங்கே ஒருவரே. அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையே தபால் போகவேண்டியிருக்கவில்லை.

*

வரிசை வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் படிப்பை ஆராய 1858இல் நியூகாசில் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1861இல் வந்த அதன் அறிக்கை ஒரு நியாயமான குறையைச் சுட்டிற்று: ஆசிரியர்கள் மேல்வகுப்பில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரைக் கவனிக்கிறார்கள், கீழே இருக்கும் பலர் எழுதப் படிக்கத் தெரியாமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், அப்போதுதான் கடைசிப் பிள்ளைக்கும் கற்பிப்பார்கள் என்பது குழுவின் முடிவு. இன்று நாம் கேட்கும் கோரிக்கையும் ஏறத்தாழ இதுதான்.

கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் இந்த நல்லெண்ணத்தைக் கணக்குப் புத்தகமாக மாற்றியது. ஆறு 'ஸ்டாண்டர்டு'கள் வகுக்கப்பட்டன. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 12 ஷில்லிங் மானியம். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு, மீதி 8 ஷில்லிங் தேர்ச்சிக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதில் தவறினாலும் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருநாள் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திச் சோதித்துப் பட்டியலில் குறியிடுவார்.

அந்தக் குறி என்ன ஆயிற்று என்பதே நம் அக்கறைக்குரியது. ஒரு பிள்ளை வாசிப்பில் தவறிற்று என்ற செய்தி ஆய்வாளரின் பட்டியலிலிருந்து அரசின் கருவூலத்துக்குப் போயிற்று. அங்கிருந்து குறைந்த மானியமாகப் பள்ளிக்குத் திரும்பியது. ஏன் தவறிற்று, எந்த எழுத்தில் தடுக்கிற்று என்ற செய்தி எங்குமே எழுதப்படவில்லை. கூடுதல் உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் மிகுதியாக இருந்த பள்ளிக்கே பணம் குறைந்தது. ஆசிரியர்கள் தங்கள் வழியைக் கண்டுகொண்டார்கள். வாசிப்புப் புத்தகத்தை முழுதும் மனப்பாடம் செய்விப்பதும், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பிழையின்றிப் 'படிக்கும்' பிள்ளைகள் உருவானதும் அக்காலத்துப் பள்ளிகளைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகள்.

அந்த ஆய்வாளர்களில் ஒருவர் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு. 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் பள்ளி ஆய்வாளராகவே பிழைத்தவர் என்பதை, அவரை விமர்சகராக மட்டும் படிக்கும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தம் மேலதிகாரிகள் கொண்டுவந்த இம்முறையை அவர் அப்போதே எதிர்த்து எழுதினார். கற்பித்தல் இயந்திரமயமாகிவிட்டது என்பதை அடுத்தடுத்த ஆண்டறிக்கைகளில் பதிவுசெய்தார். 1890களில்தான் அம்முறை முற்றாகக் கைவிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு தலைமுறை அதற்குள் படித்து வெளியேறிவிட்டது.

லண்டனில் தைத்த சட்டை சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1860களிலிருந்தே சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியமுறை நடைமுறைக்கு வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்களும் ஆய்வாளரின் சோதனைக்குப் பிள்ளைகளை நிறுத்தி மானியம் பெறத் தொடங்கினார்கள். சுவடிக்கணக்கில் நகர்ந்த படிப்பு வகுப்புக்கணக்கில் நகரத் தொடங்கியது இவ்வாறுதான். 1882இல் அமைந்த ஹண்டர் குழு, கல்லூரிகளுக்கு இம்முறை வேண்டாம் என்றது. நாட்டுப் பள்ளிகளுக்கும் தொடக்கக் கல்விக்கும் அதையே பரிந்துரைத்தது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானத்தில்தான் இந்திய அரசு அதிலிருந்து விலகியது. மானியமுறை போயிற்று, வகுப்பும் ஆண்டுத் தேர்வும் நின்றுவிட்டன.

*

இங்கிலாந்தில் அளவுகோல் கருவூலத்துக்குப் போயிற்று என்றால், பிரான்சில் செய்யப்பட்ட வேறொன்று கப்பலேறிப் போயிற்று.

1882இல் பிரான்சு தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதுவரை பள்ளிவாசலை மிதிக்காத பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தார்கள். அவர்களில் சிலரால் பாடத்தைத் தொடர முடியவில்லை. அவர்களை என்ன செய்வது என்று ஆராய 1904இல் கல்வியமைச்சகம் ஒரு குழுவை நியமித்தது. உளவியலாளர் ஆல்பிரெட் பினே அதில் உறுப்பினர். ஆசிரியரின் எரிச்சலையோ மருத்துவரின் ஊகத்தையோ நம்பி ஒரு பிள்ளையை 'மந்தபுத்தி' என்று ஒதுக்கிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து 1905இல் அவர் 30 சிறுசிறு பணிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். அசையும் ஒளியைக் கண்ணால் தொடர்வது, உடலுறுப்புகளைச் சுட்டுவது, கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்வது என எளியதிலிருந்து அரியதை நோக்கி அது ஏறியது.

பினேவின் ஆர்வம் அளப்பதோடு நிற்கவில்லை. தொழிலாளர் வாழ்ந்த பாரிஸ் பகுதியொன்றின் பள்ளியில் அவர் ஆய்வகம் ஒன்றை நடத்தினார். அப்பள்ளியின் தலைமையாசிரியர் வானே என்பவருடன் சேர்ந்து, வாசிப்பிலும் கணக்கிலும் ஒரு பிள்ளை எத்தனை ஆண்டு பின்னே நிற்கிறது என்று காட்டும் எளிய பள்ளி அளவுகோலையும் செய்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனிவகுப்புகளில் பாடத்துக்கு முன்பாகக் கவனத்தைப் பழக்கும் பயிற்சிகள் தரப்பட்டன. அவற்றுள் ஒன்று சிலை விளையாட்டு. சொன்னவுடன் அசையாமல் நிற்கவேண்டும், எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பார்க்கவேண்டும். நம் தெருப்பிள்ளைகளும் ஆடும் ஆட்டந்தான். கோணிய உடலை நிமிர்த்தும் மருத்துவம் இருப்பதுபோல் மனத்தையும் நிமிர்த்தலாம் என்று அவர் கருதினார். அறிவு பிறவியில் முடிந்துபோன ஓர் அளவு என்ற கொள்கையை 1909இல் வெளியிட்ட நூலில் வன்மையாக மறுத்தார். அதே ஆண்டு பிரான்சில் இத்தகைய தனிவகுப்புகளுக்கான சட்டமும் வந்தது. 1911இல், 54 வயதில், அவர் இறந்தார்.

அளவுகோல் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. ஹென்றி காடார்டு 1908இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். 1912இல் ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உடல்வயதால் வகுத்து ஒரே எண்ணாக்கலாம் என்றார். 1916இல் லூயிஸ் டெர்மன் அதை விரித்துத் திருத்தி வெளியிட்டார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, இதே மரபில் வந்த சோதனைகளைக் கொண்டு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் தரம் பிரிக்கப்பட்டார்கள். யாருக்கு உதவ வேண்டும் என்று கேட்கப் பிறந்த கருவி, யார் மேல் யார் கீழ் என்று சொல்லும் கருவியாயிற்று. பினேவின் 30 பணிகள் எல்லைகளைக் கடந்தன. சிலை விளையாட்டு கடக்கவில்லை. அளவுகோலைத் தூக்கிச் செல்வது எளிது. அதன் பின்னே இருந்த தனிவகுப்பை, இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரை, பொறுமையைத் தூக்கிச் செல்வது அவ்வளவு எளிதன்று.

*

நம் காலத்துக்கு வருவோம். மும்பையில் 1990களின் நடுவில் தொடங்கிய பிரதம் என்ற அமைப்பு, 2005 முதல் 'அசர்' என்ற ஆய்வறிக்கையை வெளியிட்டு வருகிறது. கிராமத்து வீட்டுவாசலில் அமர்ந்து ஒரு பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுப்பார்கள். எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவிலான ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறுகதை. எதுவரை வாசிக்க முடிகிறதோ அதுவே அப்பிள்ளையின் நிலை. 2018இல் நாட்டின் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 50.5 விழுக்காட்டினர் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தார்கள். பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் அது 42.8 ஆகச் சரிந்தது; 2024இல் 48.8 ஆக ஏறியது. இவ்வெண்களைக் கண்டு வருந்துவது எளிது. வருந்தியபின் என்ன செய்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்ற திட்டம் ஆராயப்பட்டது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகள் பதினைந்து இருபது பேரை, அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படையைச் சொல்லித் தந்தார். அவருடைய மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய். அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அவர்கள் போனபின் வகுப்பில் எஞ்சியிருந்த பிள்ளைகளிடம், வகுப்பு சிறிதானபோதும், அத்தகைய முன்னேற்றம் இல்லை. கூட்டம் குறைந்ததால் வந்த பயனன்று, பிள்ளை நின்ற இடத்துக்கு ஒருவர் இறங்கி வந்ததால் வந்த பயன் என்று இதைக் கொள்ளலாம். இவ்வாய்வில் பங்கேற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர்.

இதற்கு மறுபக்கம் ஆந்திரத்தில் கிடைத்தது. 2005-06 கல்வியாண்டில் அங்கே 100 கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சோதித்து, ஒவ்வொரு பிள்ளையும் எந்தத் திறனில் தவறுகிறது என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர்களிடம் தந்தார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பும் உடன் இருந்தது. பார்வையாளர் வந்தபோது அப்பள்ளி ஆசிரியர்கள் கூடுதல் சுறுசுறுப்புடன் கற்பித்தார்கள். ஆண்டிறுதியில் பிள்ளைகளின் கற்றலில் மற்றப் பள்ளிகளைவிட எந்த வேறுபாடும் இல்லை என்று 2010இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. நோய் இன்னதென்று எழுதித்தரப்பட்டது; மருந்துக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. அதே மாநிலத்தில், பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கேற்ப ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தந்த பள்ளிகளில் கற்றல் உயர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லோவின் ஆவி முழுவதும் பொய்யன்று. ஆனால் அங்கே கணக்கிடப்பட்டது தேறியவர் எண்ணிக்கையன்று, ஒவ்வொரு பிள்ளையும் தொடங்கிய இடத்திலிருந்து நகர்ந்த தொலைவு. இந்த வேறுபாடு சிறியதன்று.

ஹரியானா அரசுப் பள்ளிகளில் 2012-13இல் நடந்தது இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டிற்று. நாளில் ஒரு மணி நேரம் இதற்கென்றே பிரித்துவைக்கப்பட்டது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் வகுப்பை மறந்து நிலைவாரியாக அமர்ந்தார்கள். அரசாசிரியர்களே கற்பித்தார்கள், வாசிப்பு உயர்ந்தது. திண்ணையும் எழும்பூரும் நாளில் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பி வந்தாற்போல் நமக்குத் தோன்றுகிறது.

*

தமிழ்நாட்டிலும் இந்தச் சிந்தனை புதிதன்று. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறும் முறை அது. பெருந்தொற்றின் இழப்புக்குப் பின் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி பெற்றார்கள். மதிப்பீட்டைக் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலையால் கற்பிக்கும் நேரம் கரைகிறது என்று ஆசிரியர் அமைப்புகள் குறைபட்டதும் உண்டு. அந்தக் குறையைச் சோம்பலின் குரலாக ஒதுக்கிவிட முடியாது. ஆர்னால்டும் அதையேதான் சொன்னார்.

அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களைச் சூட்டியவர் தமிழறிந்தவராக இருக்கவேண்டும். பூவின் பருவத்துக்கு அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ என்று எத்தனையோ சொற்களை வைத்திருக்கும் மொழி இது. அவை தரங்களல்ல, பருவங்கள். அரும்பு என்பது இன்றைய நிலை. ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே அச்சொல் ஓராண்டு முழுவதும் மாறாமல் நின்றால் அது பருவப்பெயர் அல்லாமல் போய்விடுகிறது. பினேவின் எண்ணுக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்கிறது.

அளக்கவே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அளக்காதபோது கடைசி வரிசைப் பிள்ளை கண்ணிலேயே படுவதில்லை என்று நியூகாசில் குழு கண்டது உண்மை. அளப்பதற்கு முன்பே, அளந்தபின் அப்பிள்ளையருகே அமரப்போவது யார், எந்த மணியில், எதைச் சொல்லித்தர என்பது முடிவாகியிருக்க வேண்டும் என்பதையே மேற்கண்ட வரலாறு திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது முடிவாகாதபோது மதிப்பெண் மேல்நோக்கியே பயணிக்கிறது.

இதைப் பிறருக்கான உபதேசமாக முடிக்க மனம் ஒப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் முதலாண்டு வகுப்பில் உரைநடைப் பகுதியொன்றை வாசிக்கச் சொன்னோம். எழுந்த மாணவர் எழுத்தெழுத்தாகக் கூட்டி, இரண்டாம் வரியில் நின்றுவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அளக்கப்பட்டு வந்தவர் அவர். ஒவ்வோராண்டும் அவரைப் பற்றி எண்கள் எழுதப்பட்டிருக்கும். அமரச் சொன்னோம், அடுத்தவர் வாசித்தார். பருவ இறுதியில் அவருக்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண் இட்டு, குறித்த நாளில் கணினியில் ஏற்றினோம். எந்தச் சொல்லில் அவர் தடுக்கினார் என்பதை நாமும் எங்கும் எழுதி வைக்கவில்லை.